மாப்பிள்ளை மில்லுத் திருவிழா

ஏனுங்க மாப்ள, காங்கேயத்துல எண்ணெய் மில்லு வெக்கறது பெரிய காரியமில்லீங்க. திரும்பின பக்கமெல்லாம் கொப்பரைக் களமும் மில்லுந்தான். ஆனா உள்ள வர்ற ஆளெல்லாம் சறுக்கற மாதிரி வெச்சிருக்கீங்க பாருங்க, அதுக்குத் தனித் தெறமை வேணுமுங்க. மத்த ஊர்ல கோகுலாஷ்டமிக்கு ஒரு நாளுதான் வழுக்குமரம் நடுவாங்க. நீங்க அதைப் படுக்கப் போட்டு வருசம் பூராத் திருவிழா நடத்தறீங்க.

தரைக்குப் பளபளன்னு டைல்ஸ்! குனிஞ்சு பாத்தே மீசை முறுக்கிக்கலாம். சொரசொரப்பா சிமெண்டு போட்டிருந்தா காசும் மிச்சம், காலும் நிக்கும். ஆனா சம்பந்தி ஊட்டுக்காரங்க வந்து பாத்தா என்ன நெனைப்பாங்க, அதுவும் நாயந்தானுங்களே.

ஃபில்டர் பிரஸ்ஸுக்கடியில எண்ணெய் சொட்டுது. "தண்ணி ஊத்திக் கழுவு"ன்னீங்க. ஒரு மூலையில கெடந்த எண்ணெய் தண்ணியில மெதந்து மில்லு பூராப் போயிருச்சு. வஞ்சகமில்லாம எல்லாருக்கும் பங்கு! உமியோ மரத்தூளோ போட்டு, ஊறவிட்டுக் கூட்டி அள்ளிப்போட்டு, அப்பறந்தான் சோப்புத் தண்ணியில தேச்சுக் கழுவோணும். உங்கப்பாருக்கு இது தெரியும். பாவம், அவரு படிக்காதவரு. சொட்டற எடத்துல ஒரு வாசரை மாத்தினா கழுவற வேலையே கொறையும். அதைச் சொன்னா நம்மளைப் பட்டிக்காட்டான்னு சொல்லுவீங்க.

மார்கழி வந்தா இன்னும் விசேசம். குளிரு 24 டிகிரிக்குக் கீழ எறங்கினா தேங்காயெண்ணெய் ஒறைஞ்சிரும். வெடியால வர்ற ஆளு, வெள்ளையாக் கெடக்கறதைச் சுண்ணாம்புன்னு மிதிப்பான். வெயிலேறினா இளகிரும். காலையில ஒரு ஆட்டம், மத்தியானம் ஒரு ஆட்டம்.

சறுக்கறது பத்தாதுன்னு தடுக்கறதுக்கும் ஏற்பாடு. நடக்கற வழியில குறுக்க மோட்டார் ஒயரு. வாசல்ல கால் தொடைக்க மடிச்சுப் போட்ட சாக்கு. தலையில மூட்டை தூக்கினவனுக்கு அவன் காலே தெரியாது, சாக்கு எங்கீங்க தெரியும்? படியில ஒண்ணு மட்டும் ரெண்டு வெரக்கடை ஒசரம். முந்தின படியை நம்பித்தான் கால் அடுத்த படிக்குத் தூக்கும். அது மேஸ்திரிக்கும் தெரியலை, உங்களுக்கும் தெரியலை.

ஆயுத பூசைக்குப் பூசணிக்காயை வாசல்லயே ஒடச்சீங்க. திருஷ்டி கழிஞ்சுதோ என்னமோ, அதுல கால் வெச்சவனுக்கு மணிக்கட்டு கழண்டுது. சனி பார்வைன்னு சொல்லிட்டீங்க. நல்லதுங்க, சனீஸ்வரன் வந்து கேஸ் போடமாட்டாரு.

தரையிலயும் படியிலயும் வழுக்கற சாமானோ தடங்கலோ இருக்கப்படாதுன்னு 1987-லயே தொழிற்சாலைச் சட்டத்தோட 32-ஆம் பிரிவுல சேத்துட்டாங்க. நீங்க பொறக்கறதுக்கு முந்தின சங்கதி, உங்களைக் குத்தம் சொல்லப்படாது. வேலையில அடிபட்டுப் படுத்தவனுக்கு ஈ.எஸ்.ஐ.யில கூலியில 90 சதவீதம் குடுப்பாங்களாம். ஆளு பேரைப் பதிஞ்சு வெச்சிருக்கீங்கதானுங்களே? ஏனுங்க, தலையைச் சொறியறீங்க?

செரி, நாளைக்கு ஆளுக வர்றதுக்குள்ள சாக்கை எடுத்துப்போட்டு, ஒயரைச் செவுத்தோரமாத் தூக்கிக் கட்டுங்க. பிரஸ்ஸுக்குப் பக்கத்துல ஒரு மூட்டை உமி வெய்ங்க. அந்த ஒத்தைப் படியையும் கொத்திச் சரி பண்ணிருங்க, கொத்தனாரை நானே கூட்டியாறேன்.