குதித்ததும் குளோஸ்!

கே: பத்தாவது படிக்கும் மகனோடு பிஜிஎம்ஐ மொபைல் கேம் ஆடுகிறேன். பாராசூட்டில் இறங்கிய அரை நிமிடத்தில் காலி! பிழைக்க வழி உண்டா?
- ஒரு வாசகர், செல்லூர், மதுரை

ப: எல்லோரும் குதிக்கும் போச்சின்கி ஊருக்குள்தானே குதிக்கிறீர்கள்? அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் வைகைக்குள் போய் நின்றுகொண்டு, 'இடிக்கிறார்கள்' என்று புகார் சொல்லலாமா அண்ணே! அந்த ஊர் இருக்கும் எராங்கல் வரைபடம் 8 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர். விமானப் பாதையை விட்டு விலகி, ஓரத்தில் நாலு வீடு இருக்கும் இடமாகப் பார்த்து இறங்குங்கள். முதலில் துப்பாக்கி, கவசம், மருந்து. பிறகு நீல வட்டம் சுருங்குமுன் உள்ளே நகருங்கள். ஹெட்போன் கட்டாயம், எதிரியின் காலடிச் சத்தம்தான் முதல் எச்சரிக்கை. ஆரம்ப ஆட்டங்களில் சுலபமாக நாலைந்து பேரைச் சாய்த்தால் காலரைத் தூக்க வேண்டாம். அவர்களில் பலர் கம்ப்யூட்டர் பொம்மைகள்.

செத்துப் பிழைப்பது இந்த ஆட்டத்துக்கே பழக்கம். 2020 செப்டம்பரில் இந்தியாவில் பப்ஜிக்குத் தடை, 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ ஆக மறுபிறவி, 2022 ஜூலையில் மறுபடி முடக்கம், 2023 மே மாதம் திரும்ப வந்தது.

பதினெட்டு வயதுக்குக் கீழே என்பதால் மகனுக்கு ஒரு நாளைக்கு 3 மணி நேரம்தான் அனுமதி. அவர் வெளியேறியதும் பயிற்சித் திடலுக்குள் நுழைந்து துப்பாக்கியின் உதறலை அடக்கப் பழகுங்கள். சிரிக்க ஆள் இருக்காது.