சான்றிதழ் செல்லும், கை செல்லுமா?

கே: நர்ஸ் வேலையை விட்டு நாலு வருஷமாகிறது. அவசரத்துக்குக் கை வருமா? (முன்னாள் செவிலியர், நாகர்கோவில்)

ப: அடிக்கடி கூப்பிட்டால் வரும், அம்மணி. நின்ற இதயத்துக்காக மார்பை அழுத்தும் சி.பி.ஆர். திறமை மூன்று முதல் ஆறு மாதத்திலேயே மங்க ஆரம்பிக்கிறது. பாடம் மண்டையில் நிற்கும். அழுத்தும் ஆழமும் வேகமும்தான் நழுவும். மாதம் ஒருமுறை கெட்டித் தலையணை மீது இரண்டு நிமிஷம், முழங்கை மடங்காமல் அழுத்துங்கள். ஆழத்தைத் தலையணை கற்றுத் தராது. அதற்குப் பயிற்சி பொம்மை வேண்டும்.

கே: என் பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு) சான்றிதழ் இரண்டு வருஷம் செல்லும். அதுவரை கவலையில்லைதானே? (கோவை)

ப: நின்றுபோன இதயம் சான்றிதழில் தேதி பார்ப்பதில்லை.

கே: நிமிஷத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்கிறார்கள். பதற்றத்தில் எப்படிக் கணக்குப் பார்ப்பது? (திருச்சி)

ப: பதற்றமில்லாத நாளிலேயே பார்த்துவிடுங்கள். கடிகாரத்தை எதிரே வைத்து வாய்விட்டு எண்ணுங்கள். 30 அழுத்தம் முடிய 15 முதல் 18 விநாடி ஆக வேண்டும். 12-லேயே முடித்தால் பதறுகிறீர்கள். 25 ஆனால், வகுப்பில் தூங்கியிருக்கிறீர்கள்!

கே: அழுத்தும்போது விலா எலும்பு உடைந்துவிட்டால்? (கல்லூரி மாணவர், மதுரை)

ப: உடைந்த விலா கூடும், தம்பி. நின்ற இதயத்தை விட்டுவிட்டால் அதற்குக் கட்டுப்போட எலும்பு வைத்தியர் கிடையாது. பெரியவர்களுக்கு 5 செ.மீ.க்குக் குறையாமல், 6-ஐத் தாண்டாமல் அழுத்துங்கள்.

கே: அந்தப் பயிற்சி பொம்மைக்கு ஏன் இளம்பெண்ணின் முகம்? (தஞ்சாவூர்)

ப: 1960-ல் நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லேர்டால் உருவாக்கியது அது. முகம், பாரிஸின் சேன் நதியில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத பெண்ணுடையது. அவளைக் காப்பாற்ற அன்று ஆளில்லை. பிறர் உயிரைக் காக்கக் கற்றவர்களில் லட்சக்கணக்கானோர் அவள் முகத்தின் மேல்தான் குனிந்தார்கள்.

கே: வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து கொடுப்போம். உடனே நின்றுவிடுகிறதே? (சேலம்)

ப: பெரும்பாலான வலிப்பு சில நிமிஷத்தில் தானே நிற்கும். பேர் வாங்கிக்கொண்டது சாவி! ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், மணி பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108. சாவியை வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கே: சாலை விபத்தில் உதவப் போய், டச் விட்டுப்போனதால் தவறு நேர்ந்தால் கேஸ் வருமா? (வேலூர்)

ப: 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 134-ஏ பிரிவு: நல்லெண்ணத்தோடு, பலன் எதிர்பாராமல் உதவியவர் மீது சிவில், கிரிமினல் பொறுப்பு கிடையாது. சட்டமே துணைக்கு வந்துவிட்டது. நீங்கள் ஏன் இன்னும் வேடிக்கை பார்க்கும் கும்பலில்?

கே: ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தவன். பாம்புக்கடி என்றால் இறுக்கிக் கட்டுவதுதான் நான் கற்றது. இப்போது வேண்டாம் என்கிறார்களே? (ஓய்வுபெற்றவர், தேனி)

ப: ஐயா, மறந்துபோனதைப் புத்தகம் பார்த்து மீட்கலாம். மறக்காமல் நிற்கும் பழைய பாடம்தான் ஆளைக் கொல்லும். கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட இடம் அசையாமல், விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தடியோடு பாம்பைத் தேடுகிற ஆளைக் கூப்பிட்டு வண்டி ஓட்டச் சொல்லுங்கள்.