குறிஞ்சிக்குள் மருதம்: மலை ஏரிக்குப் பைக்கில் போய்த் திரும்பும் துறை பற்றி ஓர் ஆய்வு

திணைகள் ஒன்றோடொன்று மயங்கலாம். ஆனால் இரண்டு நிலங்கள் ஒன்றாய்க் கலந்து நிற்கமாட்டா. அகத்திணையியலில் தொல்காப்பியர் வகுத்த இந்த விதிக்கு இளம்பூரணரும் உரை கண்டார், நச்சினார்க்கினியரும் உரை கண்டார். இருவரிடமும் பைக் இல்லை. கொடைக்கானலில் அப்போது ஏரியும் இல்லை. மதுரையிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் இரண்டு வண்டிகளில் கிளம்பி, மூன்று மலை ஏரிகளைப் பார்த்துவிட்டு ராத்திரி இட்லிக்கு வீடு திரும்பிவிடுவதாகச் சொல்லிப் போனார்கள். அந்தப் பயணத்தைத் தரவாகக் கொண்டு, மேற்படி விதி யாரால், எப்போது, எத்தனை அடி உயரத்தில் மீறப்பட்டது என்று நிறுவுவதே இக்கட்டுரை. பயணம் ஏன் கெட்டது என்பது அதிலேயே பெறப்படும்.

அகப்பொருளில் ஒருவர் பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது மரபு. இங்கும் அதே மரபு காக்கப்படுகிறது. நால்வரில் ஒருவன் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் ஒரு கடையில் வேலை செய்பவன், காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வந்தவன். ஆகவே பழைய வண்டியை ஓட்டியவனைத் தலைவன் என்றும், அவன் பின்னால் உட்கார்ந்து வழி சொன்னவனைப் பாங்கன் என்றும், புது வண்டியில் வந்த இருவரை மற்றையோர் என்றும் கொள்க. செல்போனில் மட்டும் வருபவர் செவிலி. டீக்கடை பெஞ்சிலிருந்து கருத்துச் சொல்லும் பெரியவர்கள் கண்டோர்.

முதலில் நீர். குறிஞ்சிக்கு உரிய நீர் அருவியும் சுனையும். ஏரி, குளம், வாய்க்கால் எல்லாம் மருதத்தின் சொத்து. மதுரைக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் என்பவர் 1863இல் கொடைக்கானலில் ஓடைகளை மறித்துக் கரை போட்டு ஏரி உண்டாக்கினார். நட்சத்திர வடிவில் சுமார் 24 ஹெக்டேர். அதாவது கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ ஏழாயிரம் அடியில், குறிஞ்சியின் நட்டநடுவே, 24 ஹெக்டேர் மருதம். இங்கே நிலம் நிலத்தோடு மயங்கியது அன்றைக்குத்தான். அவருக்கு நாற்பது ஆண்டு முன்பே கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் ஊட்டியில் இதே காரியத்தைத் தொடங்கியிருந்தார் என்பதால், கலெக்டர் பதவிக்கும் இந்த வழுவுக்கும் உள்ள தொடர்பு தனியே ஆராயத் தக்கது. லெவிஞ்ச் அதோடு நிற்கவில்லை. ஏரியில் மீன் விட்டார். முதல் படகுகளைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார் என்று ஊர் வரலாறு சொல்கிறது. மருதத்தின் மேல் நெய்தலும் வந்து மிதந்தது.

மருதத்தின் உரிப்பொருள் ஊடலும் ஊடல் நிமித்தமும். ஆகவே மலை ஏரிக் கரையில் நிற்கும் எந்தக் கூட்டமும் சண்டை போட்டே தீர வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். படகுத்துறையில் அரைமணி நேரம் நின்றால் போதும், சான்று தானாகக் கிடைக்கும். பெடல் படகில் ஏறும் தம்பதியரில் ஒருவர் மட்டுமே மிதிப்பார். மற்றவர் ‘நான் அப்பவே குதிரை போதும்னு சொன்னேன்’ என்பார். கூட்டம் அதிகம், வெயில், பசி, அதனால்தான் சண்டை என்று எளிய காரணம் காட்டுவோர் உண்டு. அவர்களுக்கு மறுப்பு டம்டம் பாறை. மலைச்சாலையில் அந்த இடத்தில் வண்டியை நிறுத்தினால் 297 மீட்டர் உயரத்திலிருந்து தலையாறு அருவி எலிவால் போல விழுவது எதிர் மலையில் தெரியும். அங்கும் கூட்டம், அங்கும் வெயில், அங்கும் பசி. ஆனால் நால்வரும் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். அருவி குறிஞ்சியின் சொந்த நீர் என்க.

பயணம் பொழுது வழுவோடுதான் தொடங்கியது. நாலு மணிக்குக் காளவாசலில் நிற்க வேண்டும் என்பது முதல்நாள் ஒப்பந்தம். ஆறரைக்கு நின்றார்கள். குறித்த வைகறை மருதத்தின் பொழுது. ஏரி இன்னும் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதே ஊடல் நிகழ்ந்ததற்கு அதுவே காரணம். வேறொரு தாமதமும் உண்டு. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குப் போகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். மற்றையோர் எடுத்திருந்தார்கள். தலைவன் பாங்கன் எடுப்பான் என்றிருந்தான். பாங்கன் தலைவன் எடுப்பான் என்றிருந்தான். வத்தலக்குண்டில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டே செல்போனில் எடுத்தார்கள். அந்தப் பரோட்டா ஆற ஒரு மணி நேரம் ஆனது.

இனிப் பாலை. பாலைக்குத் தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்தால் பாலை ஆகும் என்று சிலப்பதிகாரம் சொல்லும். வெயிலுக்குப் பதில் என்ஜின் சூடு என்று கொண்டால் இலக்கணம் இன்றும் பழுதின்றிப் பொருந்தும். தலைவனின் வண்டி கார்புரேட்டர் வண்டி. மலை ஏற ஏறக் காற்று மெலிகிறது. கொடைக்கானல் உயரத்தில் அதன் அடர்த்தி சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு இது தெரியாது. மதுரைக் காற்றுக்கு அளந்த பெட்ரோலை அப்படியே விட்டுக்கொண்டிருக்கும். பெட்ரோல் மிகுந்து, காற்றுக் குறைந்து, கரும்புகை தள்ளி, பிளக் கரி பிடித்து, வண்டி இரண்டாம் கியரில் முக்கும். பாரத் ஸ்டேஜ் 6 விதி 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின் வந்த வண்டிகளில் பெரும்பாலும் எஃப்.ஐ. (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்); அது சென்சாரை வைத்துக் காற்றுக்கேற்ப எரிபொருளைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே மற்றையோர் வளைவுக்கு வளைவு முன்னே போனார்கள். தலைவனும் பாங்கனும் பின்னே ஆனார்கள். பாலைக்குரிய நண்பகலில் பாலைக்குரிய பிரிவு நிகழ்ந்தது.

ஓதல் காரணமாகப் பிரியலாம், பகை காரணமாகப் பிரியலாம், தூது போகப் பிரியலாம், பொருள் தேடப் பிரியலாம். இவற்றோடு கார்புரேட்டர்வயின் பிரிவு என ஒன்றைச் சேர்த்துக்கொள்வது தக்கது. பிரிந்தோரிடையே தூது வேண்டும், சிக்னல் இல்லை. இறங்கி வந்த அரசுப் பஸ்ஸின் கண்டக்டரிடம் மற்றையோர் சொல்லி அனுப்பினார்கள். அவர் எதிரே திணறி வந்த வண்டியைப் பார்த்து ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “தம்பி, மேல ரெண்டு பேரு நிக்கிறாய்ங்க” என்றார். எந்த இடம் என்று சொல்வதற்குள் பஸ் வளைவில் மறைந்தது. அன்னத்தையும் மேகத்தையும் தூது விட்டவர்களுக்கும் இதைவிடத் தெளிவான பதில் கிடைத்ததாகத் தெரியவில்லை.

கருப்பொருள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வேங்கையும் சந்தனமும் இருக்க வேண்டிய இடத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த யூகலிப்டஸும் வாட்டிலும் நிற்கின்றன. 1906இல் பிரையன்ட் என்பவர் தொடங்கிவைத்த பைன் காட்டில் சினிமாக்காரர்கள் நின்றார்கள், இப்போது ஊரே நிற்கிறது. தினைக்குப் பதில் பிரெட் ஆம்லெட். தொண்டகப்பறைக்குப் பதில் சைலன்சர். சேயோன் மட்டும் மாறவில்லை. பூம்பாறையில் குழந்தை வேலப்பராக இருக்கிறார்.

நால்வரும் ஏரிக்கரையில் கூடியபோது மணி ஒன்றரை. என்ன நடந்தது என்று விரிக்க வேண்டியதில்லை. லெவிஞ்ச் செய்த வேலை. “பின்னாடி பாத்து ஓட்டத் தெரியாதா மாப்ள?” என்பது ஒரு தரப்பு. “அந்தத் தகர டப்பாவ எடுத்துட்டு வராதன்னு நேத்தே சொன்னேன்ல?” என்பது மறு தரப்பு. படகில் போனால் கோபம் தணியும் என்றான் பாங்கன். அது தூத்துக்குடிச் சரக்கு. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். தலைவன் நடு ஏரியில் பெட்ரோல் செலவைக் கூட்டிப் பார்த்து இரங்கினான். அதே நேரத்தில் மற்றையோரில் காய்ச்சல்காரன் எடுத்த படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறி, மாலைக்குள் கடை முதலாளி உட்பட எழுபது பேர் கண்டு, அலர் ஆயிற்று. பழைய காலத்தில் அலர் பரவ அயல்வீட்டுப் பெண்டிர் தேவைப்பட்டார்கள். இன்று அலருக்கு ஆளானவனே அந்தப் பொறுப்பையும் ஏற்கிறான்.

இரண்டாவது ஏரி பேரிஜம். பெரியகுளத்துக்குக் குடிநீர் தருவது, காட்டுக்குள் இருப்பது, வனத்துறை அனுமதி பெற்றவர்களுக்கே திறப்பது. இரவுக்குறிக்கு வரும் தலைவனை நாயும் நிலவும் ஊர்க்காவலரும் தடுப்பதைப் பழைய துறைகள் விரிவாகப் பேசும். இங்கே ஒரு கம்பி கேட்டும் ஒரு வனக்காவலரும் போதுமானதாக இருந்தன. “அண்ணே, சும்மா பாத்துட்டு உடனே வந்துருவோம்” என்றான் பாங்கன். “தம்பி, பெர்மிட் இருந்தாலும் டூவீலரை உள்ள விடமாட்டோம். யானை வரும்” என்றார் அவர். பைக்கில் ஏரி பார்க்கப் புறப்பட்டவர்களுக்கு, பைக்கே தடையாகும் ஏரி ஒன்று இருப்பது நாற்பத்திரண்டு ரீல்ஸ் பார்த்தும் தெரிந்திருக்கவில்லை என்பதை ஆய்வு பதிவு செய்கிறது. செலவழிந்த பொழுது இருபது நிமிடம். அதில் பதினைந்து நிமிடம் கெஞ்சல்.

மூன்றாவது மன்னவனூர். பூம்பாறையின் படிக்கட்டு வயல்களில் மலைப்பூண்டு விளைகிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு. அதைத் தாண்டி மன்னவனூரில் ஏரி, சுற்றிலும் புல்வெளி, கூடவே மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம். ஆடு மேய்ப்பது முல்லைத் தொழில் என்பதைப் படித்தவர் அறிவர். முல்லைக்கு உரியது இருத்தல், காத்திருத்தல். செம்மறியாடு கண்ணில் பட்ட ஐந்தாவது நிமிடத்தில் பின்சக்கரம் தரையோடு உட்கார்ந்தது. சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பாங்கன் மற்றையோர் வண்டியில் பூம்பாறைக்குப் போனான்; தலைவன் மாலைப் பொழுதில், மூடுபனியில், ஒற்றைச் சக்கர வண்டியின் அருகே இருந்தான். செவிலி அழைத்தார்.

“எங்கடா இருக்க?”

“நிலக்கோட்டை தாண்டிட்டோம்மா.”

“ஆடு கத்துது?”

“சந்தைம்மா.”

திரும்பும் வழியில், பெருமாள்மலைக்குக் கீழே, யாமத்தில் செயின் அறுந்தது. வறண்டு தளர்ந்த செயின். வத்தலக்குண்டிலேயே சத்தம் போட்டது. செயின் போனால் என்ஜின் பிடிமானமும் போயிற்று. எல்லாம் பிரேக்கின் தலையில். வண்டியும் இரண்டு ஆளும் சேர்ந்து 300 கிலோ என்றால், கொடைக்கானலிலிருந்து சமவெளிவரை சுமார் 1,800 மீட்டர் இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 53 லட்சம் ஜூல். பதினெட்டு லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். இதில் ஒரு பங்கை வழக்கமாக என்ஜின் வாங்கிக்கொள்ளும். அன்று மிச்ச இறக்கத்தில் அதையும் இரண்டு டிரம் பிரேக்குகள் வாங்கின. நாலு வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி, சக்கரம் ஆறும்வரை சாலையோரம் நின்றார்கள். ஒருமுறை எதிரே காட்டுமாடு ஒன்று வந்து நின்று, இவர்களைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் கடந்து போனது. கண்டோர் கூற்று இன்மைக்கு இது எடுத்துக்காட்டு.

குறிஞ்சியின் பொழுது யாமம். உரிப்பொருள் புணர்தலும் புணர்தல் நிமித்தமும். காட்ரோட்டில் லாரிகளுக்காக விழித்திருந்த ஒரு பஞ்சர் கடையில் செயின் லாக் இருந்தது. அறுந்த இரண்டு முனைகளும் அந்த லாக்கால் ஒன்று கூடின. இது புணர்தல். தூங்கிக்கொண்டிருந்த கடைக்காரரை எழுப்பியதும், டார்ச் பிடித்ததும், அவர் கேட்ட முந்நூறு ரூபாயும் நிமித்தம்.

அந்த முந்நூறைக் கொடுத்தவன் பாங்கன். பரவையில் டீக்கடை திறக்கிற நேரத்துக்கு நால்வரும் வந்து சேர்ந்தார்கள். வைகறை. பாங்கன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “மாப்ள, அந்த முந்நூறு…” என்று ஆரம்பித்தான்.

“வண்டி எனக்கு மட்டுமாடா ஓடுச்சு?” என்றான் தலைவன்.