கூறு: வடசென்னையில் வழங்கும் ஓர் அளவை குறித்த முதற்கட்ட ஆய்வு

எடை, அளவு, எண்ணிக்கை ஆகியவற்றால் பொருளை விற்கலாம் என்கிறது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். திருவொற்றியூர் தேரடிப் பக்கம் சாயங்காலம் சாக்கு விரித்து உட்காரும் அக்காக்கள் இம்மூன்றையும் தாண்டி நாலாவதாக ஒன்றைக் கையாள்கிறார்கள். அதுதான் கூறு. மாதக் கடைசியில் இந்த வட்டாரத்துச் சட்டிகளில் காய் வேகுவது இந்த நாலாவது அளவையால்தான் என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

தராசுக் கடையில் கிலோ மாறாது, விலை மாறும். கூறுக் கடையில் விலை மாறாது, காய் மாறும். தக்காளி கூறு இருபது ரூபாய் என்றால் மலிவுக் காலத்தில் பத்துப் பன்னிரண்டு பழம் இருக்கும், தட்டுப்பாட்டில் நாலு. ஆனால் வாயில் வரும் விலை என்றைக்கும் இருபதுதான். கையில் இருபதே ரூபாய் வைத்திருப்பவர் “கால் கிலோ போடுங்க” என்று குரலை இறக்க வேண்டியதில்லை. பொருளாதார நூல்கள் இந்த மரியாதையைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

“இன்னாக்கா, நாலுதான் இருக்கு? நேத்து ஆறு வெச்சிருந்தியே?”

“நேத்தே வந்து வாங்கிகினு போயிருக்கணும்மா.”

இதற்கு மறுப்பு எழுத இவ்வாய்வாளரால் இயலவில்லை.

இனி கட்டுமானம். அடியில் மூன்று அல்லது நாலு பழம், உச்சியில் ஒன்று. உச்சிப் பழம் சிவந்து, காம்போடு, வாங்குபவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். அடிப்பழத்தின் அடிபட்ட கன்னம் அக்கா பக்கம் திரும்பியிருக்கும். கூறைக் கலைக்கக் கூடாது, பொறுக்கக் கூடாது. எடுத்தால் மொத்தமாகப் பையில் கவிழ்க்க வேண்டும். மலிவுக்கு நாம் கொடுக்கும் விலை இதுதான். அக்காவின் முழங்காலை ஒட்டியிருக்கும் கூறு கடைசியாகக் கட்டியது; மிச்சம் மீதியைச் சேர்த்ததால் எண்ணிக்கை கூடுதல், அழகு குறைவு. சாம்பாருக்கு அழகு எதற்கு? அதையே வாங்குக.

நேரமும் ஒரு மாறி. ராத்திரி எட்டரைக்கு மேல் இரண்டு கூறு ஒன்றாகும். ஆனால் எல்லாக் காயும் இரவுக்குப் பணியாது. வெங்காயம், உருளை, சேனைக்கு நாளையும் ஒரு நாள் உண்டு, அவை அசையா. கீரைக்கு நாளை கிடையாது. போதாததற்கு, ராத்திரியில் கீரை ஆகாது என்று வீட்டுக்கு வீடு ஒரு பாட்டி சொல்லி வைத்திருக்கிறார். வாங்க ஆளில்லாமல் கட்டுக்கட்டாகக் கிடக்கும் முளைக்கீரையின் விலையைத் தள்ளிவிடுவது பாட்டி வைத்தியமே. வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்துக் காலையில் கடைந்தால் பாட்டியும் தோற்பதில்லை, பர்ஸும் தோற்பதில்லை.

வரலாற்றுப் பின்னணி சுருக்கமாக: கொத்தவால் சாவடி இருந்தவரை ராயபுரத்துக்காரருக்கு மொத்தச் சந்தை நடை தூரம். 1996-ல் அது கோயம்பேட்டுக்குப் போனது. அன்றிலிருந்து டெம்போ வாடகையும் சேர்ந்தே குழம்பில் கொதிக்கிறது. வெளிநாட்டு ஆப்பிளின் கதை இன்னும் விசித்திரம். கப்பலில் வந்து பக்கத்துத் துறைமுகத்தில் இறங்கி, கன்டெய்னர் லாரியில் நம் தெரு நெரிசலிலேயே நின்று, ஊரின் மறுகோடிக்குப் போய், ஸ்டிக்கரோடும் இரண்டு கைமாற்று லாபத்தோடும் திரும்பி வந்தால்தான் நமக்குக் கிடைக்கும். பழம் தின்ன ஆசைப்படும் ஏழை ஆய்வாளருக்கு உதிரியே கதி. கொத்திலிருந்து கழன்ற திராட்சையும் சீப்பிலிருந்து விழுந்த பூவனும் விலையில்தான் விழுகின்றன, ருசியில் அல்ல.

கடலும் குறுக்கிடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடையால் காசிமேட்டு விசைப்படகுகள் கரையில் நிற்கும். மீன் விலை ஏற, சட்டியில் கருவாடு விழும். கருவாட்டுக்கு ஜோடி கத்தரிக்காய். அந்நாட்களில் கத்தரிக்காய்க் கூறு இளைப்பது இதனால்தான் என்பது ஒரு தரப்பு. வெயிலால் என்பது மறுதரப்பு. இரு தரப்பும் கத்தரிக்காய் வாங்குவதை நிறுத்தவில்லை.

கடைசியாகக் கொசுறு. கறிவேப்பிலை, நாலு காம்பு கொத்தமல்லி, சில நாள் ஒரு பச்சை மிளகாய். கேட்காமல் நின்றால் விழும். கேட்டால், “அதுவும் துட்டு குடுத்துதாம்மா வாங்கியாறேன்” என்று பதில் விழும். ஆகவே பையை மூடாமல், சில்லறையை மெதுவாக எண்ணிக்கொண்டு நிற்பதே சரியான முறையியல். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது, சென்னையில் ரேஷன் கடைகளில் அரசு 60 ரூபாய்க்குக் கொடுத்தது. எடை சுத்தம், விலை நியாயம். அங்கேயும் பையைத் திறந்தபடி நின்று பார்த்தபோது, பின்னால் வரிசையில் இருந்தவர்தான், “வாங்கியாச்சில்ல, நவுரும்மா” என்றார்.