விஷ்ராந்த்வாடிப் பழங்கார்களும் மாற்றுரை மரபும்: ஓர் ஆய்வு

ஒரு நூலுக்கு ஓர் உரை போதும் என்று தமிழர் ஒருகாலும் நினைத்ததில்லை. திருக்குறளுக்கு உரை கண்டவர் பதின்மர் என்பது மரபு. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு இளம்பூரணர் உரை எழுதினார். சேனாவரையர் பல இடங்களில் அவரை மறுத்து எழுதினார். தெய்வச்சிலையார், நச்சினார்க்கினியர், கல்லாடர் ஆகியோரும் தத்தம் பங்குக்கு எழுதினார்கள். இந்த மரபில் வந்த ஒருவர் புனேயின் வடகிழக்கே விஷ்ராந்த்வாடியில் குடியேறுகிறார். செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்குகிறார். அதில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. சர்வீஸ் சென்டர் நீட்டும் எஸ்டிமேட்டையே இறுதி உரையாக ஏற்றுப் பணம் கட்டிவிடுவார் என்று எதிர்பார்ப்பவருக்கு இலக்கிய வரலாறு தெரியாது என்றே கொள்ள வேண்டும். அவர் அடுத்த பட்டறைக்குப் போவார். அங்கிருந்து அதற்கடுத்ததற்குப் போவார். உலகியலில் செகண்ட் ஒப்பீனியன் எனப்படும் இச்செயலை இவ்வாய்வு மாற்றுரை என்றே குறிக்கும்.

இதெல்லாம் ஓர் ஆய்வுப் பொருளா என்று முகம் சுளிப்போர்க்கு முன்மாதிரி ஒன்று காட்டலாம். பழைய கார் சந்தையைப் பற்றி ஜார்ஜ் அகர்லாஃப் எழுதிய கட்டுரையை இரண்டு பெரிய ஆய்விதழ்கள் அற்பமான பொருள் என்று திருப்பி அனுப்பின. முதல் நிராகரிப்புக் கடிதம் வந்தபோது அவர் 1967-68 கல்வியாண்டைக் கழிக்க இந்தியாவுக்கு வந்திருந்தார். கட்டுரை ஒருவழியாக 1970இல் வெளிவந்தது. 2001இல் அவருக்குப் பொருளியல் நோபலில் பங்கு கிடைத்தது. விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லா வண்டிக்கும் சராசரி விலைதான் தருவார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மாட்டாமல் ஒதுங்கிக்கொள்வார். சந்தையில் தங்குவது மட்டமான சரக்கு. இதுதான் அவர் வாதம். நம் வீட்டுப் பெண்கள் அரிசியில் கல் பொறுக்குவதையும் அதே கட்டுரையில் எடுத்துக்காட்டாகச் சேர்த்திருக்கிறார். அரிசியின் நிறத்திலும் வடிவத்திலும் கல்லைத் தேடிப்பிடித்துக் கலக்கிறார்கள் என்பதையும் கவனித்திருக்கிறார். கூர்மையான மனிதர்.

ஆனால் அவர் காரை வாங்கும் இடத்தோடு நின்றுவிட்டார். வாங்கிய பிறகு படும் பாட்டை 1973இல் டார்பி, கார்னி என்ற இருவர் எடுத்துக்கொண்டார்கள். பழுது இன்னது என்று சொல்பவரும், அதைச் சரிசெய்து காசு வாங்குபவரும் ஒரே ஆள். வேலை முடிந்து வண்டி நன்றாக ஓடினாலும், அத்தனை வேலையும் தேவைதானா என்பது உரிமையாளருக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை. மாற்றுரையின் வேர் இங்கே இருக்கிறது.

ஆய்வுக் களம்

புனே கார் பிறக்கும் ஊர். பிம்ப்ரியில் டாடா, சாக்கனில் ஃபோக்ஸ்வாகனும் மெர்சிடிஸும். புது மாடல்களைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. நிறுவனம் 1966இல் தொடங்கியதும் இங்கேதான். புது வண்டிக்குக் கருத்துச் சொல்லக் குன்றின்மேல் பெரிய ஆய்வகம். பன்னிரண்டு வயது வண்டிக்குக் கருத்துச் சொல்லத் தானோரி ரோட்டு மரத்தடி.

விஷ்ராந்த்வாடி இந்த ஆய்வுக்கு வாய்ப்பான இடம். ஆளந்தி சாலை இதன் வழியாகப் போகிறது. சற்றுத் தெற்கே ஃபுலேநகரில் ஆர்.டி.ஓ.வின் கிளை. பதினைந்து ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனபின், அந்தச் சாலையில் நடந்துகொண்டிருக்கும் கிழட்டு வண்டிகளின் உரிமையாளர் முகங்களே தனி ஆய்வுக்கு உரியவை. ஆண்டுக்கு ஒருமுறை ஞானேஸ்வரர் பல்லக்கு ஆளந்தியிலிருந்து இவ்வழியே புனேவுக்கு வருகிறது. அன்று வாகனங்களுக்கு வழி இல்லை. 'பால்கி போகட்டும் அண்ணா, அப்புறம் தந்துடறேன்' என்று பட்டறைகள் தவணை சொல்ல இது உதவுகிறது. பல்லக்கு போய்ப் பல வாரம் ஆன பிறகும் உதவுகிறது.

மூலபாடம்

பழங்காரின் மொழி இருவகைப்படும்: ஒலி, ஒளி. ஒலிவகை பெரும்பாலும் இரட்டைக்கிளவி. ஸ்பீட் பிரேக்கரில் இறங்கும்போது 'டொக்டொக்' என்றால் லிங்க் ராட் அல்லது லோயர் ஆர்ம் புஷ். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது 'டக்டக்' என்றால் ஆக்ஸில் ஜாயின்ட். வேகத்தோடு சேர்ந்து ஏறும் 'கூங்' வீல் பேரிங் (இது இரட்டிக்காது, விதிவிலக்கு). இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்பது இலக்கணம். காருக்குள் ஒலிக்கும் இரட்டைக்கிளவிக்கு மேலும் ஒரு விதி: மெக்கானிக் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் அது ஒலிக்காது. தப்பித்தவறி ஒலிக்கும் அந்த நொடியில் லோஹேகாவ் விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு சுகோய் தலைக்குமேல் எழும்பும். இது விஷ்ராந்த்வாடிக்கே உரிய சிறப்பு விதி.

ஒளிவகை இதைவிட நுட்பமானது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது எங்கள் குடியிருப்பில் வசிக்கும் தமிழர் ஒருவரின் பெட்ரோல் கார், 2014 மாடல். எரிந்தது செக் என்ஜின் விளக்கு. ஸ்கேனரைச் செருகினால் வந்த கோடு பி0420.

ஒரு சூத்திரம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருக்கிறது இந்தக் கோடு: எழுத்து சில, பொருள் பல. சைலன்ஸருக்கு முன்னால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போதுமான அளவு வேலை செய்வதாகத் தெரியவில்லை என்பதே அதன் பொருள். கன்வெர்ட்டர் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள ஆக்சிஜன் சென்சார்களை ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் ஒரேமாதிரி ஆடினால் வண்டியின் கம்ப்யூட்டர் விளக்கைப் போட்டுவிடும். பின் சென்சாரே கெட்டிருக்கலாம். குழாய் இணைப்பில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று உள்ளே போயிருக்கலாம். கன்வெர்ட்டர் உண்மையிலேயே செத்தும் இருக்கலாம். முதலாவது நான்கு இலக்கச் செலவு, இரண்டாவது மூன்று இலக்கம், மூன்றாவது ஐந்து இலக்கம். உரைவேற்றுமை உண்டாக இவ்வளவு போதாதா?

உரைகாரர்

சர்வீஸ் சென்டர் தந்தது பதவுரை. கோட்டில் கன்வெர்ட்டர் என்று இருக்கிறது, ஆகவே கன்வெர்ட்டரை மாற்ற வேண்டும். 'சிஸ்டம் மே ஆயா ஹை, சர்' என்றார் டை கட்டிய இளைஞர். சிஸ்டம் சொன்ன பிறகு மனிதன் சொல்ல என்ன இருக்கிறது? உள்ளே பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருப்பதால்தான் விலை இப்படி என்ற விளக்கமும் கிடைத்தது. அது உண்மை. ஆனால் நகைக்கடையில் கேட்டிருக்க வேண்டிய உண்மை.

எஸ்டிமேட் ஏட்டை ஊன்றிப் படித்தால் இடைச்செருகல்கள் புலப்படும். த்ராட்டில் பாடி கிளீனிங், என்ஜின் ஃப்ளஷ், ஏசி டிஸின்ஃபெக்டன்ட், அண்டர்பாடி கோட்டிங். மஞ்சள் விளக்கோடு இவற்றுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. பிற்காலத்தார் எவரோ சேர்த்தது என்று ஒதுக்கிவிடலாம்.

மரத்தடி மெக்கானிக் உரை எழுதவில்லை. மூலத்தையே நீக்கச் சொன்னார். கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை வெல்டிங் வைத்தால் மைலேஜும் கூடும், 'டென்ஷன் நகோ, அண்ணா'. விளக்கு அணையாதே என்றதற்கு, மீட்டருக்குப் பின்னால் அந்த பல்பை எடுத்துவிடலாம் என்றார். தெருவில் உள்ளவர் அத்தனை பேரும் அந்தப் புகையைச் சுவாசிக்க வேண்டும் என்பதை அவர் உரை தொடவில்லை.

மூன்றாமவர் நச்சினார்க்கினியர் வழியினர். பத்துப்பாட்டுக்கு உரை எழுதியபோது அடிகளை இடம்விட்டு இடம் பெயர்த்துக் கூட்டிப் பொருள் கொண்டார் என்பது அப்பெரியார்மீது உள்ள குறை. நம்மவரும் அப்படித்தான். 'என்ஜினை இறக்கிப் பார்த்தாத்தான் தெரியும்.' பிரித்தால்தான் தெரியும் என்பவரிடம் வண்டியை விடுவது பற்றி ஒரு வார்த்தை. பிரித்துப் போட்ட வண்டி வேறு பட்டறைக்கு நடந்து போகாது. மாற்றுரைக்கான வாசல் அந்தக் கணமே மூடிவிடுகிறது. எத்தனை நட்டு மிஞ்சியது என்பது பிறகு வரும் கவலை.

நான்காமவர் எங்கள் குடியிருப்பிலேயே இருக்கும் சுபேதார் ஐயா. ராணுவத்தின் இ.எம்.இ. பிரிவில் வேலை பார்த்து, கட்கியில் உள்ள 512 ராணுவப் பட்டறையில் வாகனங்களைப் பிரித்து மாட்டி ஓய்வு பெற்றவர். காசு வாங்க மாட்டார். அறிவுரையைக் கேட்காமல் எழுந்து போகவும் விடமாட்டார்.

'தம்பி, என்ஜின் ஆறி இருக்கா? சரி, ஸ்டார்ட் பண்ணு. ஒரு பழைய துணியை எடுத்து பின்னாடி சைலன்ஸர் வாயைக் கொஞ்சம் அடைச்சுப் புடி.'

'அண்ணே, சுடாதா?'

'அதுக்குத்தானே ஆறி இருக்கான்னு கேட்டேன்! இப்பக் காதை வை. எங்கே புஸ்ஸுங்குதோ அங்கே லீக்.'

புஸ்ஸென்றது முன்பக்க இணைப்பில். கேஸ்கெட் கருகிப்போயிருந்தது. பிறகு ஸ்கேனரில் சென்சார்களின் ஓட்டத்தைப் பார்த்தார். முன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9க்கும் இடையே ஏறி இறங்குவது முறை. பின் சென்சார் ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். அது நிற்கவில்லை. முதலில் கேஸ்கெட்டை மாற்று, அப்புறமும் ஆடினால் சென்சாரை மாற்று, அதற்கப்புறமும் ஆடினால் மட்டுமே கன்வெர்ட்டரைப் பற்றிப் பேசலாம் என்பது தீர்ப்பு. மற்ற மூவரும் கருத்துச் சொன்னார்கள். இவர் சோதித்துப் பார்த்தார். வேறுபாடு அவ்வளவுதான். ஆனால் இராணுவச் சம்பளம் வாங்கி முடித்த ஒருவருக்கு எந்தப் பாகத்தை மாற்றினாலும் கமிஷன் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பூட்டிய சுவடி

உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது கிடைத்த ஒரே ஏட்டை நம்பி அச்சுக்குக் கொடுத்துவிடவில்லை. பல பிரதிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் கண்டார். பிரதி தர மறுத்துப் பூட்டி வைத்திருந்தால்? கார் உலகில் அதுதான் நடந்தது. உதிரிப் பாகங்களையும், பழுது கண்டறியும் கருவிகளையும், கையேடுகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுக்கிறார்கள் என்று 2011இல் ஒரு புகார் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போனது. 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. 2016இல் சில நிறுவனங்களின் மேல்முறையீட்டில் தவறு உறுதியானது, அவற்றுக்கான தொகை குறைந்தது. பத்துப் பக்கத்துச் சட்ட விவாதத்தை ஒரு வரியில் சொன்னால், மூலச்சுவடி ஒருவரிடம் மட்டும் இருந்தால் இரண்டாம் உரை எழுத ஆள் இருக்காது. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று தனித் தளமும் தொடங்கியது. மரத்தடி மெக்கானிக் அதைப் பார்த்தாரா என்று கேட்டேன். அவர் என் டயரைப் பார்த்தார்.

முறையியல்

மாற்றுரை தேடுவோர் செய்யும் பெரும்பிழை, முதல் உரையைக் கையில் பிடித்தபடி இரண்டாமவரிடம் போவது. 'கம்பெனில கன்வெர்ட்டர் போச்சுங்கறாங்க' என்று வாய் திறந்ததுமே ஆய்வு கெட்டுவிட்டது. கேட்டவர் ஒன்று அதை வழிமொழிவார், அல்லது சேனாவரையராக மாறி மறுப்பதையே வேலையாக்கிக்கொள்வார். இரண்டிலும் காரை யாரும் பார்க்கவில்லை. அறிகுறியை மட்டும் சொல்ல வேண்டும்: விளக்கு எரிகிறது, எப்போதிருந்து, எந்த வேகத்தில்.

அடுத்து, பார்ப்பதற்குத் தனிக் காசு தருகிறேன், வேலையை இங்கே கொடுக்கப்போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது நம் ஊர் வழக்கத்துக்கு எதிரானது. பார்த்துச் சொல்வதற்குக் காசா என்று தருபவரும் கூசுகிறார், வாங்குபவரும் கூசுகிறார். அந்தக் கூச்சத்துக்கான விலைதான் பின்னால் கன்வெர்ட்டராக வந்து நிற்கிறது.

உண்மையில் பெரும்பாலோர் தேடுவது இரண்டாவது கருத்தை அல்ல, இரண்டாவது விலையை. குறைந்த தொகை சொல்பவரே உண்மை சொல்பவர் என்று மனம் தீர்மானித்துவிடுகிறது. ஐந்து இலக்கம் சொன்னவர் திருடர், மூன்று இலக்கம் சொன்னவர் மகான். சுபேதார் ஐயாவின் கேஸ்கெட் தீர்ப்பு சரியாக இருந்ததால் ஏற்கப்பட்டதா, மலிவாக இருந்ததால் ஏற்கப்பட்டதா என்று கார்க்காரரிடம் கேட்டபோது, அவர் நெடுநேரம் யோசித்து, சரியாக இருந்ததால் மலிவாக இருந்தது என்றார்.

கேஸ்கெட் மாற்றியும் பின் சென்சார் ஆடியதால், நானா பேட்டை உதிரிப் பாகக் கடையொன்றில் புதிது வாங்கிச் சென்சாரையும் மாற்றினார்கள். விளக்கு அணைந்தது. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது இத்துறையின் முதல் பாடம். மாற்றினார்கள் என்பதற்கு வேறு சான்று கிடையாது. பட்டறைக்காரர் முணுமுணுத்தபடி ஒரு பாலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தார். கார்க்காரர் அதைப் பெருமையாகக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். சுபேதார் ஐயா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்து, இது இந்த மாடலுடையதே அல்ல என்று கருத்துத் தெரிவித்திருக்கிறார். இதற்கு மாற்றுரை தேடும் பணி நடந்து வருகிறது.