மழைக்கோட்டுக்குள் மழை

கேள்வி: கோடையில் டென்மார்க்கின் ஹ்வீட சான்ட மதகடியில் தூண்டில் போடுகிறேன். மழைக்கோட்டைப் போட்டால் வெளியே நனைவதைவிட உள்ளேதான் கூட நனைகிறேன். எந்தக் கோட்டு நல்லது? (ஹேர்னிங் வாசகர்)

பதில்: வியர்வைக்குக் குடை பிடிக்க முடியாது, அண்ணை! மூச்சுவிடும் துணி என்று விற்கிறார்களே, அது உள்ளே ஈரம் கூடவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் ஒழுங்காக மூச்சுவிடும். புழுக்கமான மழைநாளில் அதற்கும் மூச்சு முட்டும். ஆகவே அட்டையில் போட்ட மூச்சுவிடும் இலக்கத்தை விட்டுவிட்டு, அக்குளில் ஜிப் இருக்கிறதா என்று பாருங்கள். காற்று போக அதைவிடச் சுருக்கு வழி இல்லை. உள்ளே பருத்தி பெனியன் வேண்டாம். அது குடித்த வியர்வையைத் திருப்பித் தராது.

அடுத்தது மணிக்கட்டு. தூண்டிலை உயர்த்தியதும் மழைநீர் முழங்கைவரை ஓடி வரும். இறுக்கிக் கட்டும் பட்டி அவசியம். கடையிலேயே கோட்டைப் போட்டுத் தூண்டில் வீசுவதுபோல் கையைச் சுழற்றுங்கள். இடுப்பு தெரிந்தால் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். விற்பனையாளர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

பழைய கோட்டில் தண்ணீர் உருளாமல் ஊறினால் உடனே எறியாதீர்கள். கழுவி, லேபலில் அனுமதித்திருந்தால், உலர்த்தியில் மெல்லிய சூடு காட்டுங்கள். பல கோட்டுகள் அதிலேயே பிழைத்துவிடும்.

கடைசியாக மீன் விஷயம்: மே மாதம் பச்சை முள்ளோடு முரல் வரும். கோட்டுக்குக் காசைக் கொட்டிவிட்டு மீன்பிடி அனுமதிச்சீட்டை மறந்துவிடாதீர்கள். 18 வயதிலிருந்து ஓய்வூதிய வயதுவரை அது கட்டாயம்.