நாணயமான ஊரு

வா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. வாக்காளர் அட்டை வந்துருச்சாமே? காட்டு பாப்போம். அடடா, கோழி களவாண்டு மாட்டிக்கிட்ட மாதிரில்ல நிக்கிற! வெசனப்படாத, அதுல எல்லாரு மூஞ்சியும் அப்படித்தான் விழும். ஓட்டுக் கேட்டு வர்றவுக மூஞ்சிதான் போஸ்டர்ல பளபளன்னு இருக்கும்.

18 வயசு ஆச்சு. இனிமே ஒனக்கும் சந்தையில ஒரு வெலை உண்டு. அம்பது வருசம் மாட்டுத் தரகு பாத்தவன் நான். வெவரம் தெரியாம நீ கொறஞ்ச வெலைக்குப் போயிட்டா எனக்குல்ல அசிங்கம்? அதனால நாலு வார்த்தை சொல்றேன், கேட்டுக்க.

மொதல்ல ஒன் வெலை எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சுக்க. வெள்ளைக்காரன் காலத்துல வரி கட்டுனவன், நெலபுலம் வச்சிருந்தவன், எழுதப் படிக்கத் தெரிஞ்சவன், இவுக பேருதான் பட்டியல்ல ஏறும். எங்க அய்யாகிட்ட இருந்தது ரெண்டு உழவு மாடு. மாடு வச்சிருக்கவனுக்கு ஓட்டு இல்லைன்னுட்டான். அப்புறம் 1952ல வந்த தேர்தல்ல, 21 வயசானா பண்ணையாரும் போடலாம், பண்ணையாரு மாட்டை மேய்க்கிறவனும் போடலாம்னு ஆச்சு. எங்க அய்யா துவைச்ச வேட்டி கட்டிக்கிட்டுப் போயிப் போட்டுட்டு வந்தாராம். 1989ல 18 வயசே போதும்னு கொறைச்சாக. ஆக, அப்பல்லாம் காசு இருந்தாத்தான் ஓட்டு. இப்ப ஓட்டு இருந்தாத்தான் காசு. முன்னேற்றம்னா இதுல்ல முன்னேற்றம்!

சோழன் காலத்துலயே குடவோலை இருந்துச்சேன்னு நீ மடக்குவ. இருந்துச்சு. பராந்தக சோழன் காலத்துல உத்திரமேரூர்க் கோயில் செவுத்துல வெட்டி வச்சதை வாத்தியார் எனக்கு வெளக்கிச் சொல்லியிருக்காரு. கால்வேலி நெலம் வேணும், சொந்த மனையில வீடு வேணும், வயசு 35க்கு மேல, 70க்குள்ள இருக்கணும். அங்கயும் ஒந்தாத்தனுக்கு எடமில்ல. ஆனா ஒன்னு பிடிச்சது. முன்னால பொறுப்புல இருந்து கணக்குக் காட்டாதவன் பேரை ஓலையில எழுதக் கூடாது. அவன் மட்டுமில்ல, அப்பன், மகன், மாமனார், மச்சினன், மருமகன் வரைக்கும் கூடாது. அந்தச் சட்டத்தை இன்னைக்கு வச்சுப் பாரு. குடம் இருக்கும், உள்ள ஓலை இருக்காது.

சரி, யாவாரத்துக்கு வருவோம். சந்தையில வெலை பேசுறப்ப ரெண்டு பேரு கையும் துண்டுக்குள்ள இருக்கும். விரலைத் தொட்டுத்தான் கணக்கு. பக்கத்துல நிக்கிறவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. தேர்தல் யாவாரம் ராத்திரி இருட்டுக்குள்ள நடக்குது. ஆனா விடியறதுக்குள்ள ஊருக்கே வெலை தெரிஞ்சிருது. "மேலத்தெருவுக்கு ரெண்டாயிரமாம், நமக்கு மட்டும் ஏன் ஐநூறு கொறைச்சல்"னு கீழத்தெரு சண்டைக்கு வருது. லஞ்சத்துலயும் சமநீதி கேக்குற ஊரு பேராண்டி இது!

இந்த விசயத்துல நம்ம சீமைக்கு ஒரு பேரு உண்டு. 2009 மார்கழிப் பனியில திருமங்கலத்துல இடைத்தேர்தல் நடந்துச்சு. காலையில பேப்பருக்குள்ள கவரு வந்துச்சுன்னு அப்ப பேசிக்கிட்டாக. அதுலருந்து 'திருமங்கலம் ஃபார்முலா'ன்னு நாடே சொல்லுது. நம்ம பக்கம் இருந்து இங்கிலீசுல ஏறுன பேரு இதுதான், பெருமைப்பட்டுக்க.

பெறகு 2016ல அரவக்குறிச்சியிலயும் தஞ்சாவூர்லயும் பணம் தாராளமாப் பொழங்குதுன்னு தேர்தலை நிறுத்துனாக. 2017ல ஆர்.கே.நகர்ல, வருமான வரிக்காரங்க எடுத்த காகிதத்துல 89 கோடிக்குக் கணக்கு இருந்துச்சுன்னு நிறுத்துனாக. 2019ல வேலூர் பார்லிமென்ட்டுத் தேர்தல். 11 கோடிக்கு மேல ரொக்கம் பிடிபட்டு, அதுவும் நின்னுச்சு. எல்லாத்தையும் சில மாசம் கழிச்சு நடத்துனாக. அப்ப யாரு நின்னான்னு கேளு. முன்வரிசையில அநேகமா அதே மூஞ்சிகதான். அடங்காத மாட்டை சந்தையை விட்டுப் பத்தாம, சந்தையை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வச்ச கதை.

இப்ப ஒரு கணக்குப் போடு, காலேசு படிச்ச புள்ளைதான? சட்டசபைக்கு நிக்கிற ஆளு 40 லட்சத்துக்கு மேல செலவழிக்கக் கூடாதுன்னு 2022ல வரம்பு வச்சாக. தொகுதியில ரெண்டரை லட்சம் ஓட்டுன்னு வையி. தலைக்கு எம்புட்டு வருது? பதினாறு ரூபா. டீக்கடையில ஒரு டீ. அதுலதான் ஜீப்பு, மைக்கு, மேடை, மாலை எல்லாம். ரிசல்ட்டு வந்து 30 நாளுக்குள்ள கணக்குக் குடுக்கணும். பைசா சுத்தமாக் குடுத்துர்றாக. ஆனா கட்சி தன் பேருல செலவழிக்க வரம்பே கெடையாது. கன்னுக்குட்டியக் கட்டிப் போட்டுட்டு பசுவைப் பயிருக்குள்ள விட்ட மாதிரி.

கட்சிக்குக் காசு வர்ற அந்தப் பெரிய துண்டுக்குள்ள யாரு விரலு இருக்குன்னு நமக்குத் தெரியாது. 2018லருந்து தேர்தல் பத்திரம்னு ஒன்னு வித்தாக. 1 கோடி ரூபா வரைக்கும் ஒரே தாள்ல. எந்தக் கம்பெனி எந்தக் கட்சிக்குக் குடுத்துச்சுன்னு வெளிய தெரியாது. 2024 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட்டு அது செல்லாதுன்னு சொல்லி, பட்டியலையும் வெளியிட வச்சுச்சு. அதிகமா வாங்குன ஆளு கோயம்புத்தூரு லாட்டரிக் கம்பெனி, 1,368 கோடிக்கு! நம்ம மாநிலத்துல லாட்டரிச் சீட்டுக்கு 2003லயே தடை. சீட்டுக்குத்தான் தடை, நோட்டுக்கு இல்ல போலருக்கு. பாத்துக்க: நாம வாங்குனா லஞ்சம், அவுக வாங்குனா பத்திரம்.

லஞ்சம்னு சும்மா சொல்லல. குடுக்குறவன் மட்டுமில்ல, வாங்குறவனும் குத்தவாளிதான். ஒரு வருசம் வரைக்கும் ஜெயிலு உண்டு. வெறும் விருந்தா இருந்தா மட்டும் அபராதத்தோட விட்டுருவாக. பிரியாணிக்குச் சட்டமே தள்ளுபடி குடுத்திருக்கு.

ஆனா பேராண்டி, இந்த யாவாரம் எதுல ஓடுதுன்னு நெனைக்கிற? காசுலயா? இல்லப்பா, நம்ம நாணயத்துல ஓடுது. ஒன் அப்பத்தா கதையக் கேளு. ஒரு தேர்தல்ல ரெண்டு கட்சிக்காரனும் வந்து ஆளுக்கு ஐநூறு வச்சுட்டு, வெளக்கு மேல சத்தியம் வாங்கிட்டுப் போயிட்டான். கெழவிக்கு ராத்திரி பூரா தூக்கமில்ல. விடியக்காலம் என்னை எழுப்பி, "நான் அவுகளுக்குப் போட்டுர்றேன், நீங்க இவுகளுக்குப் போட்டுருங்க, யாருக்கும் துரோகம் வேணாம்"னா. பாலுக்குத் தண்ணி ஊத்துறப்ப அவளுக்கு உறுத்தாது. நான் பல்லு போன மாட்டைச் சின்ன மாடுன்னு சொல்லி வித்தப்ப எனக்கும் உறுத்தல. வரப்பை ஒரு முழம் தள்ளி வெட்டுறவனுக்கும் உறுத்தாது. ஆனா வாங்குன ஐநூறுக்கு மட்டும் ஊரே அரிச்சந்திரன் ஆயிருது. அந்த ஒரு எடத்துலயாவது ஏமாத்தத் தெரிஞ்சிருந்தா, அடுத்த தேர்தலுக்கு எவன் மொதலு போடுவான்?

அன்னைக்கு நீங்க எதுல அமுக்குனீகன்னு கேக்குறியா? அது துண்டுக்குள்ள இருக்கட்டும்.

மாட்டு யாவாரத்துல கயித்தைக் கைமாத்தித்தான் ஆகணும். இதுல அப்படி இல்ல. மறைப்புக்குள்ள ஒன்னையத் தவிர ஆளு கெடையாது. நீ அமுக்குன சின்னம் அச்சான சீட்டு ஏழு செகண்டு கண்ணாடிக்குள்ள நிக்கும், பெட்டிக்குள்ள விழுந்துரும். நீ எதுல அமுக்குனன்னு தெரிஞ்சிரும்னு எவனாவது மெரட்டுனா, சிரிச்சுட்டு வா. அந்தப் பய கவரை நீட்டுனா மட்டும், பல்லைப் பிடிச்சுப் பாக்காம, சுழியும் பாக்காம வெலை குடுக்க வந்திருக்கானே, இவன் எதை வாங்க வந்திருக்கான்னு ஒரு தரம் யோசி. மாட்டுக்குத் தீனி போட்டு வளக்குறவன் அப்படி வாங்க மாட்டான். கறிக்கு வெட்டுறவன்தான் வாங்குவான்.

அஞ்சு வருசத்துல அந்த ஏழு செகண்டு மட்டுந்தான் தும்பு ஒன் கையில. விட்டா, மிச்ச நாளெல்லாம் ரோடு வேணும், தண்ணி வேணும்னு மனுவைத் தூக்கிக்கிட்டு வாலைப் பிடிச்சுத்தான் ஓடணும். ஓடு, வேணாங்கல. ஆனா வாலுப் பக்கம் நிக்கிறவனுக்கு என்ன கெடைக்கும்னு அம்பது வருசம் மாட்டோட பொழங்குன எனக்குத் தெரியும்.

சரி, அட்டையப் பத்திரமா வையி. அந்தப் பத்திரம் இல்லடா!